மாதிரிக்கு வைத்த விடைத்தாள்

சென்ற மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு திருவள்ளூர் ஸ்டடி சென்டரில் என் நாற்காலிக்கு வந்த பெண்.

"அக்கா, இப்ப அசைன்மென்ட் எல்லாம் ஆன்லைன்லதான் ஏத்தறாங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதியிருந்தா எத்தன பர்சன்ட்னு கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடுது. உங்க காலத்துல இத எப்பிடிக்கா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணாலதான்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. காப்பியடித்தவர்களைப் பிடித்த கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக உண்டு. பிரியாவுக்கே பாதிக்கு மேல் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அதில் தப்பு செய்தது மாணவர்கள் மட்டுமல்ல, நானும்தான். வயதாகிவிட்டது, இனி எதற்கு மூடி வைக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

ஸ்டடி சென்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கல்லூரியின் பின்கட்டில் இரண்டு அறைகள். ஒன்று அலுவலகம். இன்னொன்றில் கூரை வரைக்கும் பாடநூல் கட்டுகள். தொலைதூரக் கல்வி நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எங்களைப்போல ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. சேர்க்கை விண்ணப்பம், பாடநூல் வழங்குவது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அசைன்மென்ட் வாங்குவது, கடைசியில் பட்டச் சான்றிதழ் கொடுப்பது, எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான். ஊரே கறிக்கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில் நான் செவ்வாப்பேட்டையில் ரயிலேறி வேலைக்குப் போவேன். இருபத்திரண்டு வருடம் எனக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை.

பல பாடங்கள் இருந்தாலும் கூட்டம் என்னவோ ஆங்கில இலக்கியத்துக்குத்தான். காக்களூர் தொழிற்பேட்டைக்காரர்கள், கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைக்காரர்கள், நர்ஸ்கள், ஒரு போலீஸ்காரர், கடை வைத்திருப்பவர்கள். எதற்கு ஆங்கிலம் என்று கேட்டால் பி.எட். சேர வேண்டும், பிரமோஷன் வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உருக்காலையில் வேலை பார்த்த ஒருவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "ஆடிட்டுக்கு வர்ற வெள்ளக்காரன் என்னப் பாத்து ஏதோ சொல்லி சிரிச்சிக்கினு போறான்கா. இன்னா சொன்னான்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்." அவர் மூன்று வருடமும் வகுப்புக்கு வந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருவார். வெளியே திருவள்ளூர் வெயில் கொளுத்தும்போது உள்ளே பனி பெய்கிற பாடம் நடக்கும். அவர் கடைசி பெஞ்சில் நிம்மதியாகத் தூங்குவார். எழுப்ப வேண்டாம் என்று ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்குத் தபால் பிரிக்கவும் முத்திரை குத்தவும்தான் தெரியும். மற்றதெல்லாம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. அசைன்மென்ட் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கோடு போட்ட தாளில் கையால் எழுதியிருக்க வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், சேர்க்கை எண், பாட எண், முகவரி. நான் அதைச் சரிபார்த்து, பதிவேட்டில் வரிசை எண்ணும் தேதியும் போட்டு, அதே எண்ணையும் தேதியையும் ஒரு ரசீதில் எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். பிறகு பாடவாரியாகக் கட்டி, திருத்துகிறவருக்கு அனுப்புவேன்.

கேட்க எளிதாக இருக்கும். நூறு பேர் வந்தால் எண்பது பேர் முதல் பக்கத்தில் கோட்டை விடுவார்கள். சேர்க்கை எண்ணுக்குப் பதில் கம்பெனி டோக்கன் எண்ணை எழுதுவார்கள். தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டு வருவார்கள். உச்சியில் பெரிதாகப் பிள்ளையார் சுழி போட்டிருப்பார்கள். ஒருவர் கெட்டுப்போகக் கூடாதென்று பன்னிரண்டு பக்கத்தையும் லேமினேஷன் செய்து எடுத்து வந்தார். திருத்துகிறவர் எங்கே பேனா வைப்பார்?

இந்தத் தலைவலிக்காகவே மேஜை மேல் ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தோம். மாதிரிக் கோப்பு என்று பெயர். அதில் கற்பனைப் பெயர் ஒன்றைப் போட்டு நானே எழுதிய ஒரு முதல் பக்கம் இருக்கும். சந்தேகம் கேட்பவர்களிடம் அதை நீட்டிவிடுவேன். அதில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கலாம் என்பது சேஷாத்ரி சாரின் கட்டளை.

சேஷாத்ரி சார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அதிகாரி. பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். காலையில் கோயில் வேலையை முடித்துவிட்டு, நெற்றியில் திருமண் காயும் முன்பே எட்டரைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. உயர்த்தினால்கூடத் தேவலை என்று இருக்கும். எதை எழுதினாலும் முதலில் பென்சிலில் எழுதி, ஒரு முறை படித்துப் பார்த்து, பிறகே அதன்மேல் பச்சை மையில் எழுதுவார். கடைநிலை ஊழியரையும் வாங்கோ, போங்கோ என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் எதைச் சொன்னாலும் பதில் "அப்படியா" என்பதுதான். அதில் மூன்று வகை உண்டு. தலையை ஆட்டிக்கொண்டு சொன்னால் சரி என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் அன்றைக்கு நம் கதி அவ்வளவுதான். நான் சேர்ந்து ஆறு மாதத்தில் இந்த மூன்றையும் முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.

தேவகி இளங்கலை ஆங்கில இலக்கியம் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். பெரியபாளையத்துக்குப் பக்கத்து கிராமம், நெல் விவசாயம் செய்கிற வீடு. கும்மிடிப்பூண்டியில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் போவதும் வருவதும்தான் அவளுக்குப் படிக்கிற நேரம். "பஸ்ஸுல நாஷ்டா சாப்ட்டுகினே ரெண்டு பக்கம் படிச்சிடுவேன்கா" என்பாள். வகுப்பில் முதல் பெஞ்ச். ஒரு வார்த்தை பேச மாட்டாள். எழுதிக்கொண்டே இருப்பாள்.

கடைசி வருடம் ஒரு விஷயம் சொன்னாள். கம்பெனியில் ஆவணப் பிரிவில் ஓர் இடம் காலி. வெளிநாட்டுக்குப் போகும் ரிப்போர்ட்டுகளை ஆங்கிலத்தில் எழுதுகிற வேலை. ஆகஸ்ட் முடிவதற்குள் பட்டப்படிப்பு தேறியதற்கான ரிசல்ட்டைக் காட்டினால் அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "நின்னுகினே வேல செஞ்சி காலு வீங்கிப் போவுதுக்கா. ஒக்காந்து எழுதற வேல. ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடம் நாவல் பாடத்துக்கு அசைன்மென்ட் கேள்வி ஒன்றுதான். கப்பலில் தினக்குறிப்பு எழுதும் ஒருவன் சொல்கிற கதை அது. அவன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கேள்வி. கடைசித் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே தேவகி எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். என்ன கையெழுத்து! நான்கு பக்கமும் சரியான ஓரம், பத்தி பிரித்து, அடிக்கோடு அளவோடு. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் வாங்கியதில்லை.

அன்றைக்கு மேஜை முன் கூட்டம். ஓரம் எவ்வளவு விட வேண்டும், பக்க எண் எங்கே போட வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. தேவகியின் முதல் பக்கத்தைக் கழற்றி என் இழுப்பறையில் வைத்தேன். எழுதிய பக்கங்களை நீலக் கோப்பில் என் மாதிரிப் பக்கத்துக்குப் பின்னால் சேர்த்தேன். பெயர்தான் இல்லையே, யாருக்கு என்ன தெரியப்போகிறது? இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பதிவேட்டிலும் ஏற்றவில்லை. தேவகியிடம், "ரசீது அப்புறம் தர்றேம்மா" என்றேன். அவள் எதுவும் கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினாள்.

இரண்டு நாள் ஆறு வாரமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் மறந்தே போனேன். கடைசித் தேதியன்று கட்டுகள் கட்டும்போதுதான் இழுப்பறையில் அவளுடைய முதல் பக்கம் கண்ணில் பட்டது. திக்கென்றது. கோப்பிலிருந்து பக்கங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, பதிவேட்டில் அன்றைய தேதி போட்டு, கடைசி எண்ணாக ஏற்றினேன். ரசீதிலும் அதே தேதி. அடுத்த வாரம் வந்தபோது கொடுத்தேன். பார்க்காமலேயே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, திருத்தப் போன கட்டு சேஷாத்ரி சார் மேஜைக்குத் திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதம். அறுபத்து மூன்று விடைத்தாள்களில் பத்தொன்பது ஒரே மாதிரி இருக்கிறது, வரிக்கு வரி, என்று எழுதியிருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் நீலக் கோப்பை அஞ்சு நிமிஷம் என்று கேட்டு வாங்கிப் போய் எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். நான்தான் கொடுத்திருப்பேன். அந்த ஜெராக்ஸ் கைமாறிக் கைமாறிப் பதினெட்டு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறது. தேவகி அந்த விடையில் தன் கம்பெனி ஷிஃப்டை உதாரணம் காட்டியிருந்தாள். மற்றவர்கள் அதையும் விடவில்லை. பூக்கடை வைத்திருப்பவர் "எங்கள் ஷிஃப்டில்" என்று எழுதியிருந்தார். ஓர் அர்ச்சகர் வீட்டுப் பையனும் எழுதியிருந்தான்.

சேஷாத்ரி சார் பத்தொன்பதையும் மேஜையில் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியா" என்றார். பத்தொன்பது பேருக்கும் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்படும், நேர்முகமாகக் கேள்வி கேட்ட பிறகுதான் முடிவு என்று பென்சிலில் எழுதி, பச்சை மையில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒட்டியவள் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகி பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"இன்னாக்கா இது? நானு யாருக்கும் குடுக்கலயே. என்னுத எவன் பாத்து எழுதனான்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். எனக்கு வாய் வரவில்லை. நான் பதினோரு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருந்தவள். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் சாரின் பரிந்துரைக்காக வந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த காக்களூர் யூனிட்டை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் காரணம்தான், நியாயம் இல்லை.

"பாக்கலாம்மா, சார் நல்லவரு, விசாரிப்பாரு" என்றேன். அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ரஃப் எழுதன பேப்பரு எதாவது இருக்குதா?" என்று கேட்டேன்.

"அப்பவே கிழிச்சிப் போட்டுட்டேனே. இப்பிடி ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதிப்பெண் பட்டியல் தலைமையகத்துக்குப் போக வேண்டிய நாள். அதைத் தட்டச்சு செய்வதும் என் வேலைதான். அந்தப் பட்டியலில் போனால் ஆகஸ்டில் ரிசல்ட். தவறினால் அடுத்த பட்டியல், டிசம்பரில்தான். தேவகியின் பெயருக்கு நேராக நிறுத்திவைப்பு என்று அடித்தபோது அவளுடைய வேலை போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். சேஷாத்ரி சாரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்துபோகப் பத்தடிகூட இல்லை.

இரண்டாவது ஞாயிறும் வந்தாள். நேர்முகத்துக்கான கடிதத்தைக் கையில் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். கூடவே இரண்டு பிஸ்கட்டும். எனக்குள் ஒரு சமாதானம் ஓடிக்கொண்டிருந்தது. தேவகிதான் நன்றாகப் படிக்கிறவளாயிற்றே, சார் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லிவிடுவாள், உண்மை தானாக வெளிவந்துவிடும், நான் எதற்கு நடுவில்? இப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இதில் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் இருந்தது என்பது நேர்முகத்தன்றுதான் விளங்கியது.

மூன்றாவது ஞாயிறு ஆடி முதல் ஞாயிறு. பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகரவே இல்லையாம். தேவகி வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. வியர்வையில் நனைந்திருந்தாள். அன்றும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள்.

சார் அறையில் ஒரு மேஜை, எதிரே ஒரு நாற்காலி. நான் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். கேள்வி ஒன்றுதான், ஆங்கிலத்தில் கேட்பார். கதை சொல்கிறவனை ஏன் நம்பக் கூடாது? பத்தொன்பதில் ஐந்து பேர் வரவே இல்லை. பன்னிரண்டு பேர் கேள்வி முடியும் முன்பே, "சார், ஜெராக்ஸ் பாத்து எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

தினேஷ் என்று ஒரு பையன். வீடு வீடாகப் போய் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை. அவன் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து, அஞ்சு நிமிஷம் ஆங்கிலத்தில் பொளந்து கட்டினான். ஜெராக்ஸை நன்றாகவே படித்திருக்கிறான். சார் தலையை ஆட்டிக்கொண்டு "அப்படியா" என்றார். பென்சிலில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசியாக தேவகி. சார் கேள்வியைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "சார், தி நேரேட்டர்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு ஆங்கில வாக்கியத்தை நான் கேட்டதில்லை. யாரிடம் பேசியிருப்பாள்? கம்பெனி பஸ்ஸிலா, நாற்று நடுகிறவர்களிடமா? எங்கள் படிப்பு முழுக்கத் தபாலில் வந்து தபாலில் போவது. படித்தாள், எழுதினாள், தேறினாள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு ஆளை நாங்கள் கொடுத்ததே இல்லை. எங்களிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். நான் அதைத் தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை.

சார் காத்திருந்தார். பென்சிலைக் கையில் எடுத்தார். அவள் தமிழில் சொன்னாள்: "சார், எனக்குப் பேச வராது சார். தெரியும் சார், ஆனா வராது."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார்.

தேவகி ஒரு மூச்சு விட்டாள். பிறகு சொன்னதை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

"எங்க கம்பெனில ஷிஃப்டு மாறும்போது ஒரு ரெஜிஸ்டர் எழுதி வெச்சிட்டுப் போவாங்க சார். கரண்டு போச்சு, மெட்டீரியல் லேட்டு, மெஷின் நின்னுச்சு, எல்லாம் இருக்கும். எழுதனவன் தூங்கனது மட்டும் இருக்காது. பொய்யி எழுத மாட்டான் சார். உட்டுடுவான். நானு டெய்லி அத்தப் படிச்சித்தான் தப்பு எங்க நடந்துதுன்னு கண்டுபுடிக்கணும். எங்க எழுதாம உட்டுக்கிறான்னு பாப்பேன். இந்தக் கப்பல்காரனும் அப்பிடித்தான். புயலு வந்த அன்னிக்கு நாலு பக்கம் எழுதறான். மறுநாளு ஒண்ணுமே இல்ல. அந்த மறுநாளு அவன் இன்னாவோ பண்ணிக்கிறான் சார்."

என் கையில் பதிவேடு கனத்தது. அவளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, கதையைத்தான் சொன்னாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா. நன்னாத்தான் சொல்றேள். ஆனா இதுவும் எல்லாப் பேப்பர்லயும் இருக்கு. உங்க பேப்பர்தான் கடைசி எண். எல்லாருக்கும் அப்புறம் வந்ததுன்னு ரெஜிஸ்டர் சொல்றதே?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெஜிஸ்டர் தப்பு சார்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அது முதலில் வந்த தாள், நான்தான் மாதிரிக் கோப்பில் வைத்தேன், ஆறு வாரம் அங்கேயே இருந்தது, கடைசித் தேதி போட்டு ஏற்றியதும் நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தேவகி பக்கம் நான் திரும்பவில்லை. அவள் நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அப்படியா" என்றும் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த அழிப்பானை எடுத்து, தன் குறிப்புத் தாளில் தேவகியின் பெயருக்கு நேரே நிறுத்திவைப்பு என்று பென்சிலில் எழுதியிருந்ததை அழித்தார். தூளை ஊதிவிட்டு, அங்கே நேராகப் பச்சை மையில் மதிப்பெண் போட்டார். பென்சில் இல்லாமல் அவர் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நீங்க ஆத்துக்குப் போங்கோம்மா. தப்பு எங்க மேலதான்" என்று அவளிடம் சொன்னார். அவள் என்னைக் கடந்து வெளியே போனாள்.

தினேஷை மறுபடி கூப்பிட்டார். அவன் ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டான்.

பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "நடந்ததை எழுதுங்கோ." எழுதிக் கொடுத்தேன். படித்தார். "எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்களுக்கு எப்ப தெரிஞ்சதுன்னு இதுல இல்லயே?" என்றார். பலகையில் அறிவிப்பு ஒட்டிய நாளைச் சேர்த்து எழுதினேன். அதை ஒரு கடிதத்தோடு தலைமையகத்துக்கு அனுப்பினார். "நிரந்தரப் பரிந்துரை இந்த வருஷம் என்னால எழுத முடியாது" என்றார். கோபமே இல்லை. அடுத்த வருடம் நான் கேட்காமலேயே எழுதினார். நடுவில் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த நல்ல குணத்தை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை.

ஆனால் பட்டியல் போனது போனதுதான். சார் தனியாகக் கடிதம் எழுதினார், போனில் பேசினார், ஒரு நாள் தானே ரயிலேறி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த பட்டியலில்தான் சேர்க்க முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடிந்தது. ஆவணப் பிரிவு வேலை வேறு யாருக்கோ போனது.

தேவகி மறு வருடம் மாசி மாதத்தில் பட்டச் சான்றிதழ் வாங்க வந்தாள். முதல் வகுப்பு. நான் உறையை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்காகவே காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை இரண்டு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"தேவகி, அந்த வேல போனது என்னாலதான். மன்னிச்சிடும்மா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் சான்றிதழில் பெயர், தகப்பன் பெயர், வருடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"வேல போனாப் போவுதுக்கா. இந்த சட்டிபிகேட்டு இருக்குது, வேற எங்கனா பாத்துப்பேன். தப்பு எல்லாரும்தான் பண்றாங்க, நானு பண்ணாததா? நீங்க பேப்பர வெச்சதுல எனக்குக் கோவமே இல்ல."

நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

"ஆனா, எல்லாம் தெரிஞ்சிக்கினு, மூணு வாரமும் என்னக் கூப்ட்டு ஒக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்தீங்களே. அத்தத்தான்கா என்னால தாங்க முடியல."

சான்றிதழை உறையில் போட்டு, உறையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். வர்றேன்கா என்று சொல்வது அவள் வழக்கம். அன்று சொல்லவில்லை.